இருபது நொடி முகம்

என் மனைவியின் முகத்தை நான் மறைத்தேன். கை தவறி அல்ல. யோசித்து, எழுதி, வரிசை எண் போட்டு மறைத்தேன்.

அப்போது அவள் என் மனைவி இல்லை. மாலா, என் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பெண். அவள் பாடிய ஒரு பாட்டுக்கு நாங்கள் மாணவர்களாகச் சேர்ந்து வீடியோ எடுத்தோம். எந்தக் காட்சியை எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை நொடி எடுப்பது என்று திட்டம் போட்டவன் நான். நான்கு நிமிடம் பத்து நொடி ஓடும் அதில் அவள் முகம் ஒரு நொடிகூடத் தெரியாது.

அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு வேலை காத்துக்கொண்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்!

முப்பது வருடங்களுக்கு மேலாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். மன்னிப்பீர்கள் என்று அல்ல... நீங்கள் மன்னிக்க வேண்டிய விஷயம் இதில் ஒன்றுமில்லை. கணக்கு உங்களுக்கும் எனக்கும் இடையில் இல்லையே!

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து இந்தத் தீவுக்கு, பிளேன் மாக்னியன் ஊர்க் கோவிலுக்கு அர்ச்சகராக வந்தவர். எனக்கு அப்போது ஒன்பது வயது. வந்த வாரமே தெரிந்துவிட்டது, கோவில் வாசலைத் தாண்டினால் எல்லோரும் பேசுவது தீவின் பிரெஞ்சுக் கலப்பு மொழியான கிரியோல்தான் என்று. தமிழ் நாக்கிலிருந்து உதிர்ந்துவிடுமோ என்ற பயத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன். இன்றுவரை ஒரு நாளும் விட்டதில்லை.

பக்கத்தை நானே கோடு போட்டுப் பிரிப்பேன். தேதி. காற்று, மழை. செய்தது. கடைசியில் ஒரு கட்டம்: காரணம். செய்ததை எழுதிவிட்டு ஏன் செய்தேன் என்று எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வானிலை பதிவு செய்யும் வேலையில் இருக்கிறேன். மணிக்கொரு முறை மேகத்தை அளந்து எழுதுகிறவன். நான் எழுதினால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் நம்புவார்கள்.

மாலாவும் நம்பினாள்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. எங்கள் பள்ளி மாயெபூரில் இருந்தது. ஆண்டுவிழாவுக்கு ஒவ்வொரு வகுப்பும் ஏதாவது செய்ய வேண்டும். நாடகம் வேண்டாம், கிளிப் எடுக்கலாம் என்றான் செல்வென். பாட்டு வீடியோவுக்கு இங்கே அதுதான் பெயர். செல்வென் என் நண்பன். அவன் அண்ணன் கல்யாண வீடியோ எடுப்பவர். தோளில் தூக்கி வைக்கும் பெரிய கேமரா. கல்யாணம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு கேசட், இரண்டு பேட்டரி. அவ்வளவுதான்.

பாட்டு நான் எழுதியது. 'கரையே, நகராதே, என் படகு திரும்பும் வரை' என்று தொடங்கும். மெட்டு மாலா போட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கோவில் பாட்டுகளைப் போலவே இதையும் பிரெஞ்சு எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"என்ன அர்த்தம் இதுக்கு?" என்று கேட்டாள். எங்கள் பேச்சு எப்போதும் கிரியோலில்தான். இங்கே தமிழில் தருகிறேன்.

"படகு கரையைப் பார்த்துச் சொல்லுது, நான் வர்ற வரைக்கும் எங்கேயும் போயிடாதேன்னு."

"கரை எங்கே போகும்? முட்டாள் படகு!"

சிரித்தாள். பாடியபோது சிரிக்கவில்லை. கண்ணை மூடாமல், எதிரே இருப்பவனை நேராகப் பார்த்துப் பாடுவாள். பார்க்கப்படுகிறவன் எங்காவது ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருக்கும்... நான் ஒளியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் பட்டியலைத் திங்கட்கிழமை எழுதினேன். இருபத்தாறு ஷாட். நாட்குறிப்பில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. முதல் வரி இப்படி:

'1. மாலாவின் முகம், மிக அருகில், கண் மட்டத்தில். கேமரா அசையக் கூடாது. இருபது நொடி.'

காரணம் என்ற கட்டத்தில்: 'அவள் பார்க்கும்போது பார்க்கிறவர்கள் அசைய மாட்டார்கள்.'

வியாழக்கிழமை மதிய இடைவேளை. மரத்தடியில் நானும் செல்வெனும் தால் பூரி தின்றுகொண்டிருந்தோம். மாலா ஓடி வந்தாள்.

"நடா! சின்னம்மா பேசிட்டாங்க!"

அவள் சின்னம்மா கிழக்குக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் இருந்தார். அங்கே மாலை நேரக் கச்சேரிகளை நடத்துகிற ஆளுக்குப் பாடகி ஒருத்தி வேண்டுமாம். முன்பு பாடியவள் பக்கத்துத் தீவான ரெயூனியனுக்குப் போய்விட்டாளாம்.

"குரல் மட்டும் போதாதாம். கேமரா முன்னாடி முகம் எப்படி இருக்குன்னு பார்க்கணுமாம். கேசட் கொண்டுவரச் சொல்லியிருக்காரு. நம்ம கிளிப்பையே குடுத்துடலாம்ல?"

"முகமா?" என்றான் செல்வென். "அப்போ எனக்குத்தான் அந்த வேலை."

"உன் முகத்தைப் பார்த்தா டூரிஸ்டெல்லாம் நீந்தியே ஊருக்குப் போயிடுவாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "வேற வழியில்ல நடா. அம்மா ஃபேக்டரியில எனக்கு மெஷினே பிடிச்சு வெச்சுட்டாங்க, ஜனவரியில இருந்து. நீ நல்லா எழுது. என் முகம் உன் கையிலதான் இருக்கு."

அவள் அம்மா ஸ்வெட்டர் தொழிற்சாலையில் வேலை செய்தார். தெருவுக்கு ஐந்து பெண்கள் அப்போது அங்கே போனார்கள். விடியுமுன் வேன் வரும். அந்த வேனின் ஹாரன் சத்தம் கேட்டாலே மாலா போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வாளாம்.

நான் தலையாட்டினேன். மிச்ச தால் பூரியைச் செல்வெனிடம் கொடுத்தேன்.

ஹோட்டல் பஸ்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். வெள்ளை பஸ், கறுப்புக் கண்ணாடி. அதில் ஏறிய பெண்கள் மாறித்தான் இறங்கினார்கள். நடை, செண்ட், வார்த்தை... எல்லாம். எங்கள் தெருவிலிருந்து அப்படி வேலைக்குப் போன ஒருத்தி ஒரு பிரெஞ்சுக்காரனோடு போய்விட்டாள். மாலாவும் ஏறுவாள். கண்ணை மூடாமல் எதிரே இருப்பவனைப் பார்த்துப் பாடுவாள். எதிரே நான் இருக்க மாட்டேன்.

இதைக் காதல் என்று சொல்வதா? அன்று அப்படித்தான் பெயர் வைத்தேன். ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது. ஹோட்டலில் பாடும் பெண்ணை அர்ச்சகர் வீட்டில் மருமகளாக ஏற்பார்களா என்ற கணக்கு! அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அதற்குள் அவளை எங்கள் வீட்டு அடுப்படிவரை கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்... எனக்குப் பதினெட்டு வயது. வயதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேனா? இருக்கலாம். வெட்டிவிடாமல் அப்படியே விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை செல்வென் வீட்டில் சோதனை செய்து பார்த்தோம். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எங்களிடம் வெட்டி ஒட்டும் கருவி கிடையாது. காட்சிகளைப் பாட்டின் வரிசையிலேயே, ஒன்றன்பின் ஒன்றாக, அதே கேசட்டில் எடுக்க வேண்டும். முடிந்த பிறகு பாட்டை மொத்தமாக மேலே பதிவு செய்ய வேண்டும். கேமராவை ஒவ்வொரு முறை நிறுத்தித் தொடங்கும்போதும் அரை நொடி பிசகும். பத்தாவது ஷாட்டில் கிட்டத்தட்ட ஐந்து நொடி. பாட்டு ஒரு வரியில் இருக்கும், உதடு வேறு வரியில் இருக்கும்.

அதனால் நடுவிலும் கடைசியிலும் நான் எழுதியிருந்த மூன்று முக ஷாட்களை எடுக்கவே முடியாது. இது உண்மை. முழு உண்மை.

ஆனால் முதல் ஷாட்டுக்கு முன்னால் நிறுத்தித் தொடங்குவது ஏது? அங்கே பிசகே கிடையாது! பாட்டும் படமும் ஒரே புள்ளியில் தொடங்கும். முதல் இருபது நொடி அவள் உதடு இம்மியும் தவறாமல் ஒட்டும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கே எனக்கு அது தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை புதிய பட்டியல் எழுதினேன்.

'1. கடல். தூரத்தில் ஒரு படகு. இருபது நொடி.'

காரணம்: 'உதட்டசைவும் பாட்டும் ஒட்டாது.'

என் நாட்குறிப்புகள் இன்று நாற்பதுக்கு மேல் அலமாரியில் நிற்கின்றன. அவற்றில் நான் தெரிந்தே எழுதிய பொய் அந்த ஒரு வரிதான்.

ஞாயிறு காலை, தென்கிழக்குக் காற்று. கரும்பு பூத்திருந்த மாதம். மாலா அவள் அம்மாவின் மஞ்சள் பட்டுப்புடவையில் வந்தாள். யாரிடமோ கடன் வாங்கிய லிப்ஸ்டிக். கண்ணுக்கு மை. முகத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனதாம்.

நான் பட்டியலைப் படித்தேன். கரும்புப் பூக்களுக்கு நடுவே அவள் பின்னல். வயலில் குவித்து வைத்த கருங்கல் மேட்டில் ஏறும் பாதம். கடற்கரைச் சுவரைத் தொட்டுக்கொண்டே போகும் விரல்கள். சிங்க மலைக்கு எதிரே, சூரியனுக்கு முதுகு காட்டி, நிழலுருவமாக. சவுக்கு மரங்களுக்குள் தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளியாக...

"திரும்பி நில்லு, மாலா."

"மறுபடியுமா? என் முதுகு பாடாது, நடா!"

"சோதனையில பார்த்தோமே. உதடு ஒட்டாது."

"என்னய்யா இது மகாராஜா," என்றான் செல்வென், கேமராவின் கண்ணிலிருந்து முகத்தை எடுக்காமல். "இவ அம்மா பார்த்தா, புடவையைக் கொடியில காயப்போட்டு எடுத்தோம்னு நெனைப்பாங்க."

மாலா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "முகம் ஒரு இடத்துலயாவது வருமா?"

"நிழலுருவத்துல வரும். பக்கவாட்டுல. ரொம்ப அழகா இருக்கும்."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்றாள். திரும்பி நின்றுகொண்டாள்.

நான் ஸ்டாப் வாட்சைப் பார்த்து நொடிகளை எண்ணினேன். தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழ இறங்கியது. அவள் பின்கழுத்தில் வியர்வை துளிர்த்து, புடவை ஓரத்தில் இறங்கிப் பரவியது. அந்தப் பின்கழுத்தை அன்று உலகத்தில் என்னைப்போல் யார் பார்த்திருப்பார்கள்? திருடுகிறவன் எவ்வளவு கவனமாகப் பார்ப்பான்!

ஆண்டுவிழாவில் கைதட்டல் ஓயவில்லை. கடலையும் கரும்பையும் இப்படிப் பார்த்ததே இல்லை என்றார் பிரெஞ்சு ஆசிரியர். மாலாவின் அம்மா வேலை உடுப்போடேயே வந்திருந்தார். ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "புடவை நல்லா விழுந்திருக்கு" என்றார்.

கேசட் சின்னம்மாவின் கைப்பையில் ஹோட்டலுக்குப் போனது. ஒன்பதாவது நாள் திரும்பி வந்தது. மாலா அதைப் பள்ளிக்கே கொண்டுவந்தாள்.

"இடமெல்லாம் பிரமாதமாம். போஸ்ட்கார்டு படம் மாதிரி இருக்காம். ஆனா பொண்ணு யாருன்னு கேட்டாராம்." சிரித்தாள். "வேற ஒருத்தி பெரிய பெரிய ஃபோட்டோ கொண்டுபோய்க் காட்டினாளாம். இருந்தாலும் பத்து நாள் பொறுத்துப் பார்க்குறேன்னு சொன்னாராம்."

நான் கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நடா... செல்வென் அண்ணன்கிட்ட கேமராவை ஒரு மணி நேரம் கேட்க முடியுமா? பாட்டுகூட வேண்டாம். என் முகம் மட்டும். ஒரு நிமிஷம். நீ எழுதக்கூட வேண்டாம், சும்மா நிக்கிறேன்."

"கேட்டுப் பார்க்கிறேன்."

மூன்று நாள் கழித்து, கல்யாண சீசன், கேமரா கிடைக்காது என்று சொன்னேன்.

நான் கேட்கவேயில்லை. ஐயா, அம்மா, நான் கேட்கவேயில்லை! அந்த வார இறுதியில் கேமரா செல்வென் வீட்டு அலமாரியில் துணி மூடிக் கிடந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

பட்டியலை மாற்றியது ஒரு தவறு. இது இரண்டாவது. இரண்டில் எது பெரியது என்று பல முறை யோசித்திருக்கிறேன். முதலாவது பயத்தில் செய்தது. இரண்டாவதைச் செய்யும்போது அவள் என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்... வெறும் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு.

ஜனவரியில் வேனில் ஏறினாள். ஸ்வெட்டரின் கழுத்துப்பட்டியை உடலோடு கண்ணி கண்ணியாகக் கோக்கும் வேலை. ஊசி முனையளவு கண்ணிகள். ஒன்று தப்பினாலும் கழுத்து பிரிந்துவிடும். பதினோரு வருடம். தொழிற்சாலை மூடப்பட்டபோது அவள் மூக்குக்கண்ணாடி போட்டு, அதன் கனமும் இரண்டு முறை கூடியிருந்தது.

இதற்கு நடுவில் எங்கள் கல்யாணம் நடந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல மிகவும் கூசுகிறது.

கேட்டது அவள்தான். வேலைக்குப் போய் நான்காவது வருடம், மாயெபூர் சந்தையில், வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது.

"நீ என்னைக் கட்டிக்கிறியா, இல்ல அந்த டைரியைக் கட்டிக்கப் போறியா?"

அவளே தொடர்ந்தாள்.

"அந்த கிளிப்பை நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். என் கை, என் கால், என் பின்னல்... இதையெல்லாம் ஒருத்தன் இவ்வளவு நுணுக்கமா பார்த்திருக்கானேன்னு இருக்கும். முகத்தை யார் வேணும்னாலும் பார்ப்பாங்க. இதை யாரு பார்ப்பாங்க?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெள்ளரிக்காய்க்காரி சில்லறைக்குத் தேடிக்கொண்டிருந்தாள். நேரம் இருந்தது. நான் "சரி" என்றேன்.

எதைக்கொண்டு அவளிடமிருந்து எடுத்தேனோ, அதைக்கொண்டே அவளைப் பெற்றேன். இதற்கு என்ன பெயர்? நீங்கள் சொல்லுங்கள்... நல்ல வாழ்க்கைதான் வாழ்கிறோம். என் சட்டைக் கழுத்து நைந்தால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துத் தைப்பாள். தைக்கும்போது பாடுவாள். குரல் மாறவேயில்லை. கோவிலில் வெள்ளிக்கிழமைகளில் பாடினால் சுற்றுகிறவர்கள் நின்றுவிடுகிறார்கள். அப்போதெல்லாம் நான் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று... இருபதுவரை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை நான் தமிழில் எழுதுகிறேன். அவளால் தமிழ் வாசிக்க முடியாது. மேசைமேல் திறந்து வைத்துவிட்டுப் போனாலும் அவளுக்கு இது என் வழக்கமான நாட்குறிப்பு. கோடு, மேகம், மழை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியாது. இதை ஒப்புதல் என்பதா, இன்னொரு ஒளிவு என்பதா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் மகள் கவிதா பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிக்கிறாள். மாணவர் கிளிப் ஒன்றுக்கு ஷாட் பட்டியல் தயாரிக்க வேண்டுமாம். பழைய கேசட்டை எங்கோ கொடுத்து மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தோம்.

"அப்பா, பேப்பர்ல எழுதின ஒரிஜினல் இருக்குமே? உங்ககிட்ட இல்லாம இருக்காது."

நாட்குறிப்பை எடுத்துவந்தேன். சனிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். திங்கட்கிழமைப் பட்டியல் இருந்த முந்தைய பக்கங்களை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கவிதா பள்ளியில் தமிழ் படித்தவள். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"உ...தட்...டசைவு... ஓ, சிங்க் பிரச்சினை. சரிதான்." மறுபடி திரையைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். "ஆனா அப்பா, முதல் ஷாட்ல அந்தப் பிரச்சினை வராதே? அம்மா முகத்தை முதல்லயே வெச்சிருக்கலாமே?"

முப்பது வருடங்களில் யாரும் கேட்காத கேள்வி. என் விரல் காகிதத்தின்மேல் அப்படியே நின்றது.

மாலா கண்ணாடியைக் கழற்றிப் புடவை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?" என்றாள் மகளிடம். "யோசிச்சுத்தான் செஞ்சிருப்பாரு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு தூசி இருந்தது போலும். ஊதித் துடைத்தாள்.

தெரிந்து சொன்னாளா? தெரியாமல் சொன்னாளா? அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டேன். அருகில், தூரத்தில், மேலிருந்து... பிடிபடவில்லை.

"சரி, இப்போ எடுத்துடலாம்!" கவிதா கைபேசியைத் தூக்கினாள். "அம்மா, ஜன்னல் பக்கம் நில்லுங்க. வெளிச்சம் நல்லா இருக்கு."

"ஆயோ! இந்த மூஞ்சியையா?" மாலா எழுந்தாள். பொட்டைச் சரி செய்தாள். தலையைத் தடவிக்கொண்டாள். மெய்யாகவே ஆசைப்பட்டாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"எத்தனை நொடி, அப்பா?"

"இருபது," என்றேன்.

"ரெடி... பாடுங்க."

மாலா மூச்சை இழுத்தாள். கரையே, நகராதே... என்று தொடங்கினாள். தொடங்கிய அதே கணத்தில், யாரும் சொல்லாமலே, மெல்லத் திரும்பி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அம்மா! இந்தப் பக்கம்! கேமரா இங்கே!"

பாட்டை நிறுத்தவில்லை அவள். முதல் அடியை முழுதாகப் பாடி முடித்துவிட்டுத்தான் தோளுக்கு மேலாகச் சொன்னாள்.

"இந்தப் பாட்டு எனக்கு இப்படி நின்னாத்தான் வரும்."

பின்கழுத்தில் நரைமுடி இரண்டு. அன்றுபோலவே கொஞ்சம் வியர்வை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது தாண்டியும் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றைய பக்கம் எழுதியாகிவிட்டது. தென்கிழக்குக் காற்று, எட்டில் மூன்று பங்கு மேகம், மழை இல்லை. செய்தது: மாலாவைப் பாடச் சொல்லிக் கவிதா படம் எடுத்தாள், முகம் விழவில்லை.

காரணம் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. ஒரு வாரமாகப் பேனாவை அதன்மேல் வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன்... அடுத்த அறையில் அவள் என் சட்டைக்குக் கழுத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.